கைரோபிராக்டர் உண்மையில் என்ன செய்கிறார்?

கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மூன்று மாதமாக இடுப்புவலி. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, அசைத்து வலிக்குச் சிகிச்சை தரும் கைரோபிராக்டரிடம் போகலாமா என்று யோசிக்கிறீர்கள். வீட்டில் ஒருவர் "விலகின எலும்பை ஒரே தடவையில் நேராக்கிவிடுவார்கள்" என்கிறார். இன்னொருவர் "கழுத்தைத் திருப்பினால் பக்கவாதம் வந்துவிடும்" என்று பயமுறுத்துகிறார். கைரோபிராக்டர்கள் டாக்டர்களா, முதுகை அழுத்தும்போது வரும் அந்த 'டொக்' சத்தம் என்ன, எழுபது வயது தாண்டிய அப்பாவுக்குக் கழுத்துவலி இருப்பதால் அவரையும் கூட்டிப்போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் இயன்முறை மருத்துவம் படித்தவன். பல வருடங்களாக முதுகுவலிக்காரர்களோடுதான் என் வேலை. கைரோபிராக்டர்களுடன் ஒரே குழுவில் இருந்திருக்கிறேன். நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன், கவலைப்பட வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைரோபிராக்டரின் கை வேலை நிஜமானது, அதனால் கிடைக்கும் பலன் ஓரளவுக்குத்தான். அந்த வேலையைச் சுற்றி நூறு வருடத்துக்கு முன் கட்டப்பட்ட கோட்பாட்டில் பெரும்பகுதி இன்றைய அறிவியலில் நிற்கவில்லை. தொழிலுக்குள்ளேயே இதை ஏற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் எதிரே இருப்பவர் இந்த இரண்டில் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ஆரம்பம் கொஞ்சம் தெரிந்தால் மற்றது எளிதில் புரியும். 1895ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், டேனியல் டேவிட் பால்மர் என்பவர் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகை அழுத்திவிட்டார். பால்மர் மருத்துவம் படித்தவர் இல்லை. கையில் காந்த சக்தி இருக்கிறது என்று சொல்லி வைத்தியம் பார்த்துவந்தவர். லில்லார்டுக்குப் பல வருடங்களாகக் காது சரியாகக் கேட்காது. முதுகில் ஒரு முள்ளெலும்பு விலகியிருந்தது, அதை உள்ளே தள்ளினேன், காது கேட்டுவிட்டது என்று பால்மர் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. அது மண்டையோட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து பால்மர் பெரிய கோட்பாடு ஒன்றைக் கட்டினார். முள்ளெலும்புகள் விலகி நரம்பை அழுத்துவதால்தான் நோய்கள் வருகின்றன, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்கு இதுவே காரணம் என்று 1910இல் எழுதினார். அந்த விலகலுக்கு அவர் வைத்த பெயர் 'சப்லக்சேஷன்'. கைரோபிராக்டிக் என்ற பெயர் 'கையால் செய்வது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது.

1897இல் பால்மர் பள்ளி தொடங்கினார். 1906இல் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காகச் சிறைக்குப் போனார். பிறகு மகன் பி. ஜே. பால்மர்தான் இந்தத் தொழிலை நாடு முழுக்கப் பரப்பினார். அதே காலத்தில், எல்லா நோய்க்கும் ஒரே காரணம் என்பதை ஏற்காமல் ஜான் ஹோவர்டு போன்றவர்கள் பிரிந்துபோய் வேறு கல்லூரிகளை ஆரம்பித்தார்கள். உடலியல், நோயியல் எல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அன்றைக்கு விழுந்த அந்தப் பிளவு இன்றுவரை மூடவில்லை.

மருத்துவர்கள் சங்கத்துக்கும் இவர்களுக்கும் நீண்ட சண்டை நடந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் இதற்கென்றே ஒரு குழு வைத்தது. கைரோபிராக்டரோடு சேர்ந்து வேலை செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கத்தை மீறியவர் என்ற நிலை 1980 வரை இருந்தது. செஸ்டர் வில்க்கும் இன்னும் சில கைரோபிராக்டர்களும் 1976இல் வழக்குப் போட்டார்கள். ஒரு தொழிலையே ஒழித்துக்கட்டச் சங்கம் சட்டவிரோதமாகக் கூட்டுச் சேர்ந்தது என்று 1987இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. சிகிச்சை பலன் தருமா தராதா என்று அதில் தீர்ப்புச் சொல்லப்படவில்லை. இரண்டு தரப்பிலும் இந்த வழக்கைத் தப்பாகச் சொல்பவர்கள் நிறைய இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

சரி, போனால் என்ன நடக்கும்?

நல்ல இடமாக இருந்தால் முதல் அரைமணி நேரம் யாரும் உங்கள் முதுகைத் தொடமாட்டார்கள். வலி எப்போது ஆரம்பித்தது, காலுக்கு இறங்குகிறதா, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா, விழுந்தீர்களா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, புற்றுநோய்க்கு எப்போதாவது சிகிச்சை எடுத்தீர்களா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா என்றும் கேட்பார்கள். கூச்சமாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம் முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, குதிகாலாலும் கால்விரல் நுனியாலும் நடக்கச் சொல்வது, தொடு உணர்ச்சியைச் சோதிப்பது என்று பரிசோதனை நடக்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் சிகிச்சை.

சிகிச்சையில் எல்லோருக்கும் தெரிந்தது 'அட்ஜஸ்ட்மென்ட்'. உங்களைக் குறிப்பிட்ட நிலையில் படுக்கவைத்து, ஒரு மூட்டை அது சாதாரணமாகப் போகும் எல்லைவரை மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்த இடத்தில் ஒரு சின்ன உந்து. வேகம் அதிகம், நகரும் தூரம் மிகக் குறைவு, கால் நொடிக்குள் முடிந்துவிடும். இதைச் சரியாகச் செய்ய வருடக்கணக்கில் பழக வேண்டும், ஏனென்றால் பலத்தைவிட நேரமும் கோணமும்தான் இதில் முக்கியம். எல்லோருக்கும் இதே முறைதான் என்றும் இல்லை. மெதுவாக அசைத்துக் கொடுப்பது, இடுப்புப் பகுதி மடங்கும் படுக்கையில் கிடத்தி முதுகைச் சீராக நீட்டுவது, பேனா போன்ற சின்னக் கருவியால் தட்டுவது, தசையை அழுத்தித் தளர்த்துவது என்று பல வழிகள் இருக்கின்றன. அவற்றோடு உடற்பயிற்சியும், எப்படிக் குனிவது, எப்படித் தூக்குவது என்ற ஆலோசனையும் சேரும். பெரும்பாலான இடங்களில் கைரோபிராக்டர்கள் மருந்து எழுதித் தருவதில்லை. அறுவை சிகிச்சை அவர்கள் வேலையே இல்லை.

அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். விரலில் நெட்டி முறிக்கும்போது வருமே, அதே சத்தம்தான். மூட்டுக்குள் வழுவழுப்பான திரவம் இருக்கிறது. அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக் குழி உண்டாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை இழுத்து, சத்தம் வரும் கணத்திலேயே எம்ஆர்ஐ படம் எடுத்துப் பார்த்தார்கள். குழி உருவாவது படத்தில் தெரிந்தது. ஒரு தடவை சத்தம் வந்த மூட்டில் சுமார் இருபது நிமிடத்துக்கு மறுபடி வராது. விலகின எலும்பு இடத்துக்குப் போய்ச் சேர்ந்த சத்தம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சத்தம் வராவிட்டால் சிகிச்சை பலிக்கவில்லை என்றும் நினைக்க வேண்டாம்.

அப்படியானால் வலி எப்படிக் குறைகிறது? முள்ளெலும்பின் இருப்பிடம் மாறுவதில்லை என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. உந்தின் திடீர் நீட்சி மூட்டைச் சுற்றியுள்ள தசைகளிலும் தசைநார்களிலும் இருக்கும் உணர்முனைகளைத் தூண்டுகிறது. அந்தச் செய்திகள் தண்டுவடத்துக்குப் போய், வலிச் செய்தி மேலே ஏறுவதைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்துகின்றன. இறுகியிருந்த தசை தளர்கிறது. பயந்து பயந்து அசையாமல் வைத்திருந்த முதுகு அசைகிறது. என் அனுபவத்தில் இந்தக் கடைசி விஷயம் பெரியது. 'என் முதுகு உடைந்துபோயிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு வந்தவர், அது அசையும், தாங்கும் என்று உடம்பாலேயே உணர்ந்துவிட்டால் மறுநாள் நடக்க ஆரம்பிக்கிறார். அதனால்தான் 'எலும்பு விலகியிருக்கிறது' என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. அது தவறு என்பதோடு, அந்த வார்த்தையே ஆளை முடக்கிப்போடுகிறது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்பு டிஸ்க்கில் தேய்மானம் தெரிந்தது. தலைமுடி நரைப்பது மாதிரி அதுவும் ஒன்று. படத்தைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு பலன் என்று பார்ப்போம். இடுப்புவலிக்கு ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன. புதிதாக வந்த இடுப்புவலியில், 2017இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, வலியை நூற்றுக்கு இவ்வளவு என்று அளந்தால் சுமார் பத்துப் புள்ளி குறைகிறது. பெரிதல்ல, ஆனால் வலியில் இருப்பவருக்கு அதுவும் ஒரு நிம்மதிதான். நாள்பட்ட இடுப்புவலிக்கு 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு, உடற்பயிற்சி போன்ற மற்றப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் தரும் அளவு பலனையே இதுவும் தருகிறது என்றது. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017இல், மாத்திரைக்குப் போவதற்கு முன் முயன்று பார்க்கக்கூடிய வழிகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இது இருக்கிறது. பிரிட்டனின் வழிகாட்டுதல் ஒரு நிபந்தனை போடுகிறது. உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டுமே செய்யுங்கள் என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அது. கை வைத்தியம் ஒரு கதவைத் திறந்துவிடும், நடந்து போக வேண்டியது நாம்தான்.

கழுத்துவலிக்கும், கழுத்திலிருந்து கிளம்பும் சில தலைவலிகளுக்கும் ஓரளவு பலன் தெரிகிறது, ஆதாரம் இடுப்புவலிக்கு இருப்பதைவிடக் குறைவு. ஆஸ்துமா, ரத்த அழுத்தம், காதில் சீழ், குழந்தைகள் விடாமல் அழுவது, நோய் எதிர்ப்புச் சக்தி போன்றவற்றுக்கு முதுகை அழுத்துவது சிகிச்சை என்று சொல்ல நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. பிரிட்டனில் இந்தத் தொழிலைக் கண்காணிக்கும் பொதுக் கைரோபிராக்டிக் கவுன்சிலே, சப்லக்சேஷன் என்பது வரலாற்றுக் கருத்து, அது நோய்க்குக் காரணம் என்று உரிமை கோர மருத்துவ ஆய்வு ஆதாரம் இல்லை என்று 2010இல் அறிவித்தது. தன் தொழிலின் அடிக்கல்லைப் பற்றியே இப்படிச் சொல்ல நேர்மை வேண்டும். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இப்போது பயமுறுத்தியவருக்கான பதில். சிகிச்சைக்குப் பிறகு சுமார் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் வலியோ, இறுக்கமோ, அசதியோ வரும். ஓரிரு நாளில் போய்விடும். அவர் சொன்ன பக்கவாதம் கழுத்து சம்பந்தப்பட்டது. கழுத்தின் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால், அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைத்துவிடலாம். கழுத்தை உந்தித் திருப்பிய பிறகு இப்படி நடந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது, ஆனால் நடந்தால் மிகக் கொடிது. எது எதற்குக் காரணம் என்பதில்தான் சிக்கல். குழாய் கிழிந்தாலே முதல் அறிகுறி கழுத்துவலியும் தலைவலியும்தான். அந்த வலிக்காகத்தான் ஆளே சிகிச்சைக்கு வந்திருக்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த 2008ஆம் ஆண்டு ஆய்வு, இப்படிப்பட்ட பக்கவாதம் வந்தவர்கள் அதற்கு முன் கைரோபிராக்டரைப் பார்த்திருந்தது போலவே குடும்ப மருத்துவரையும் பார்த்திருந்தார்கள் என்று காட்டியது. இதை வைத்து ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிழிசல் ஏற்கெனவே இருந்தால் அந்த உந்து அதை மோசமாக்கலாம். கழுத்தைத் தொடுவதற்கு முன் இந்த ஆபத்தைச் சொல்லி உங்கள் சம்மதத்தை வாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அமெரிக்க இதயச் சங்கமும் 2014இல் அதையே சொன்னது.

அதனால் இதை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இதுவரை அனுபவித்தே இராத மாதிரி திடீரென்று கடுமையான கழுத்துவலியோ தலைவலியோ வந்தால், கழுத்தை யாரிடமும் கொடுக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, தள்ளாட்டம், முகம் மரத்துப்போதல் ஏதாவது வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். இடுப்பு விஷயத்தில், இரு தொடைகளுக்கும் நடுவே மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது அடக்க முடியாமல் போவது, பாதம் தொங்கிப்போவது ஆகியவையும் அதே மாதிரி அவசரம்.

என்னோடு வேலை செய்த ஒரு கைரோபிராக்டரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நாள் கடும் இடுப்புவலியோடு ஒருவர் வந்தார், முதுகைச் சொடுக்கிவிடுங்கள் என்று கெஞ்சினார். கைரோபிராக்டரோ கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்று அந்த மனிதர் கடைசியில்தான் சொன்னார். அதற்குமேல் முதுகில் கை வைக்கவே இல்லை. தானே ஆம்புலன்சைக் கூப்பிட்டு, கூடவே ஒரு கடிதமும் எழுதி அனுப்பினார். அன்று இரவே அறுவை சிகிச்சை நடந்தது. நோயாளி பிறகு நடந்தே வந்து பார்த்துவிட்டுப் போனார். கை வைக்காமல் இருக்கத் தெரிந்த கைரோபிராக்டரைத்தான் நான் நல்லவர் என்பேன்.

டாக்டர்களா என்று கேட்டீர்கள். நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்குப் பிறகு நான்கு வருடம் படித்து, தேசியத் தேர்வு எழுதி, மாநில உரிமம் வாங்க வேண்டும். பட்டத்தின் பெயரிலேயே 'டாக்டர்' இருக்கும். ஆனால் அது எம்.பி.பி.எஸ். போன்ற பொது மருத்துவப் படிப்பு இல்லை. பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாதவர் தன்னைக் கைரோபிராக்டர் என்று அழைத்துக்கொள்வதே குற்றம். டென்மார்க்கில், தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களோடு சேர்ந்தே முதல் சில வருடங்கள் படிக்கிறார்கள். அந்த ஏற்பாடுதான் எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முழுநேரப் பயிற்சிக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சட்டமே இல்லாத நாடுகளும் உண்டு. அங்கே வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்தவர்கூடப் பலகை மாட்டிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தில் எந்தக் கல்லூரி, எத்தனை வருடம் என்று கேட்பது உங்கள் உரிமை. படித்தவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

அப்புறம், சில விஷயங்களைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். பரிசோதிக்காமலே படுக்கச் சொல்வது. வருகிற எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுப்பது. அபாய அறிகுறி இல்லாத புது இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரத்தில் படமே வேண்டாம் என்று அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே 2017இல் சொல்லியிருக்கிறது. முதல் நாளே நாற்பது, ஐம்பது தடவைக்கு முன்பணம் கேட்பது. வலி இல்லாவிட்டாலும் வாழ்நாள் முழுக்க வாராவாரம் வரச் சொல்வது. தடுப்பூசி போடாதே, மாத்திரையை நிறுத்து என்று சொல்வது. கைக்குழந்தையின் முதுகை உந்த முன்வருவது. காணொளிகளில் வருகிற மாதிரி தலையில் பட்டையைக் கட்டி வெடுக்கென்று இழுப்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக உங்கள் கழுத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காலுக்கு வலி இறங்கவில்லை, மரத்துப்போகவில்லை, உட்கார்ந்து எழும்போதுதான் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இல்லை என்று உங்கள் மருத்துவர் ஒருமுறை உறுதி செய்துவிட்டால், முறையாகப் படித்த கைரோபிராக்டரிடம் தாராளமாகப் போகலாம். நான்கிலிருந்து ஆறு தடவை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் குனிவது, நடப்பது, தூங்குவது ஏதாவது ஒன்று தெளிவாக முன்னேறவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு வழி பாருங்கள். நல்ல இயன்முறை மருத்துவரிடம் போனாலும் ஏறக்குறைய இதே பலன்தான், எனவே அருகில் யார் நன்றாக இருக்கிறாரோ அவரிடம் போங்கள். எங்கே போனாலும் தினமும் நடப்பதை நிறுத்தாதீர்கள்.

அப்பாவைக் கூட்டிப்போக வேண்டாம். எலும்பு பலவீனமாக இருப்பதாகச் சொன்னார்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கழுத்தில் வேகமான உந்து எதுவும் கூடாது. முதலில் அவருடைய மருத்துவர் பார்க்கட்டும். பிறகு மெதுவான கழுத்துப் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் ஒருவர் அருகில் இருந்து சொல்லிக்கொடுக்கட்டும். யாராவது தொட்டுப் பார்க்க வந்தால், அந்த மாத்திரையின் பெயரை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.